எண்ணைப் பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள்: பழைய லுட்விக் டிரம்மின் வயதைக் கணிக்க ஒரு வழிகாட்டி

பழைய லுட்விக் டிரம் ஒன்று விலைக்கு வந்தால், வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது பேட்ஜில் உள்ள சீரியல் எண்ணைத்தான். எந்த எண் எந்த ஆண்டு என்று பிரித்துக் காட்டும் அட்டவணைகளுக்குப் பஞ்சமே இல்லை. எண்ணைக் கொடுத்தால் ஆண்டு வந்துவிடும்; ஆண்டைப் பார்த்து விலையும் ஏறும், இறங்கும். ஆனால் ஒரு டிரம்மின் வயதைச் சொல்லத் தகுந்த சாட்சிகள் வேறு பல உண்டு: உள்சுவரில் மையால் குத்திய தேதி, கூடு செய்யப்பட்ட விதம், உட்பூச்சு, பேட்ஜின் வடிவம், அதன்மேல் பொறித்த நிறுவனப் பெயர். இவற்றோடு ஒப்பிட்டால் சீரியல் எண்தான் மிகப் பலவீனமான சாட்சி. எண் ஒன்றைச் சொல்லி, கூடு வேறொன்றைச் சொன்னால் கூட்டைத்தான் நம்ப வேண்டும்.

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். வில்லியம் லுட்விக், தியோபால்ட் லுட்விக் என்ற சகோதரர்கள் 1909-இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம், 1929-இல் கான் நிறுவனத்திடம் கைமாறி இண்டியானாவின் எல்க்ஹார்ட் நகருக்குப் போனது. பெயரும் கூடவே போய்விட்டதால், வில்லியம் 1937-இல் மறுபடி சிகாகோவில் தொழில் தொடங்கியபோது தன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டபிள்யூ.எஃப்.எல். என்றுதான் வைத்துக்கொள்ள முடிந்தது. லுட்விக் என்ற பெயர் அவர் குடும்பத்துக்குத் திரும்பியது 1955-இல். ஆகவே டபிள்யூ.எஃப்.எல். என்று பொறித்த டிரம் 1937-க்கு முந்தியதாக இருக்க முடியாது. இலக்கிய ஆராய்ச்சியில் ஒரு நூலின் காலத்துக்கு மேல் எல்லை, கீழ் எல்லை என்று வகுப்பார்களே, இங்கும் வேலை அதேதான். எந்தத் தடயமும் தனியாக நின்று ஆண்டைச் சொல்லாது. ‘இதற்கு முன்னால் இல்லை’ அல்லது ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்று மட்டுமே சொல்லும். எல்லைகளை ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு வருவதுதான் நம் வேலை. சீரியல் எண் அட்டவணை இந்த உழைப்பைத் தவிர்த்துவிட்டு ஒரே ஆண்டைக் கையில் கொடுத்துவிடுகிறது. அதன் கவர்ச்சியும் ஆபத்தும் அங்கேதான்.

ஏன் ஆபத்து என்பதை, எண் பேட்ஜுக்கு வந்த கதையே சொல்லும். கட்டடக் கலையில் வளைவின் உச்சியில் வைக்கும் திறவுகல்லைப் போல, மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும் பித்தளை பேட்ஜை ‘கீஸ்டோன்’ என்பார்கள். அதில் எண் பொறிக்கத் தொடங்கியது 1963-இன் கடைசியிலோ 1964-இன் தொடக்கத்திலோதான். அடுத்து நடந்தது உலகறிந்தது. லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் நடத்திய டிரம் சிட்டி கடையில் லுட்விக் கிட் வாங்கியிருந்த ரிங்கோ ஸ்டார், 1964 பிப்ரவரி 9 அன்று எட் சலிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸோடு வாசித்தார். சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்த அந்த நிகழ்ச்சியில், பேஸ் டிரம்மின் முன்தோலில் லுட்விக் என்ற பெயர் தெளிவாகத் தெரிந்தது. சிகாகோ டேமன் அவென்யூ தொழிற்சாலையில் ஆர்டர்கள் குவிந்தன. எண் பொறித்த பேட்ஜுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின; தொழிலாளி கைக்கு எது கிடைத்ததோ அதை எடுத்துப் பொருத்தினார். எண் வரிசைப்படி எடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பெட்டியின் அடியில் தங்கிய பேட்ஜ் பல மாதம் கழித்துக்கூட ஒரு டிரம்மில் ஏறியிருக்கலாம். எண் பேட்ஜுக்கு இட்ட எண்ணே தவிர, டிரம்முக்கு இட்ட எண் அல்ல.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அந்த அட்டவணைகள் ஆகாயத்திலிருந்து விழுந்தவை அல்ல, தேதி முத்திரையும் எண்ணும் இரண்டுமே உள்ள ஏராளமான டிரம்களைப் பார்த்துத் தொகுத்தவை, அப்படியிருக்க ஏன் நம்பக் கூடாது என்று கேட்கலாம். தொகுத்தவர்கள் உழைப்பில் குறையில்லை. ஆனால் அட்டவணைக்கு மூலமே தேதி முத்திரைதான் என்பதை இந்தக் கேள்வியே ஒப்புக்கொள்கிறது. மூலத்தைவிட நகல் துல்லியமாக இருக்க முடியாது. மந்தையின் சராசரி எடையைக் கண்டுபிடித்துவிட்டதால் கையில் பிடித்த ஆட்டின் எடை தெரிந்துவிடாது அல்லவா? அட்டவணை சொல்லும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஓராண்டு தாராளமாக விட்டுப் படித்தால் அறுபதுகளின் நடுப்பகுதிக்கு அது ஓரளவு உதவும். எழுபதுகளுக்குப் போகப் போக எண் வரிசை இன்னும் குழம்பிக் கிடப்பதால், அங்கே அந்த உதவியும் இல்லை.

தேதி முத்திரை வேறு ரகம். அறுபதுகளில் பல மரக்கூடுகளின் உட்புறத்தில் ரப்பர் முத்திரையால், பெரும்பாலும் சிவப்பு மையில், மாதம், நாள், ஆண்டு குத்தியிருப்பார்கள். தோலைக் கழற்றி டார்ச் அடித்தால் தெரியும். அதுவும் கூட்டின் தேதிதான், கடைக்குப் போன தேதி அல்ல. கூடு சில காலம் அலமாரியில் காத்திருந்திருக்கலாம். எனவே அது தருவதும் ‘இதற்கு முன்னால் இல்லை’ என்ற மேல் எல்லைதான் என்றாலும் மற்ற எல்லாவற்றையும்விட நெருக்கமான எல்லை. இதிலும் இரண்டு எச்சரிக்கை வேண்டும். எல்லாக் கூட்டிலும் முத்திரை இருக்காது. இல்லாதது சந்தேகத்துக்கு இடமாகாது. இருப்பதும் எப்போதும் உண்மையாகாது, ஏனென்றால் ரப்பர் முத்திரை செய்வது பெரிய வித்தை அல்ல. சுற்றியுள்ள பூச்சு பழுத்துப் பழுப்பேறியிருக்க, மை மட்டும் நேற்றுக் குத்தியதுபோல் பளிச்சென்று இருந்தால் யோசிக்க வேண்டும். திருப்பணியின்போது பழைய கல்வெட்டைப் புதுக் கல்லில் படியெடுத்து வெட்டிய கோயில்களில், வாசகம் ஒரு நூற்றாண்டையும் எழுத்து வடிவம் இன்னொரு நூற்றாண்டையும் காட்டும். அறிஞர்கள் அங்கே கல் வெட்டப்பட்ட காலத்தை முடிவுசெய்வது எழுத்தை வைத்துத்தான். இங்கே எழுத்தின் இடத்தில் நிற்பது கூடு.

கூட்டை மாற்றுவது என்றால் டிரம்மையே மாற்றுவது. அதனால்தான் அதன் சாட்சியத்துக்கு இவ்வளவு மதிப்பு. அறுபதுகளின் லுட்விக் கூடு மூன்று அடுக்கு மரத்தால் ஆனது. மேல், கீழ் விளிம்புகளை ஒட்டி உள்ளே மேப்பிள் வளையம் பொருத்தியிருக்கும். எழுபதுகளின் நடுவில் இந்த முறையைக் கைவிட்டு, வளையம் இல்லாத ஆறடுக்குக் கூட்டுக்கு மாறினார்கள். வளையம் இல்லாத ஆறடுக்குக் கூட்டில் கீஸ்டோன் பேட்ஜும் 1965 என்று காட்டும் எண்ணும் இருந்தால், பேட்ஜ் எங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்தது என்று தயங்காமல் சொல்லலாம். உட்பூச்சும் இப்படியே பேசும். அறுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளை, பிறகு புள்ளி தெளித்தாற்போன்ற சாம்பல், இறுதியில் மரத்தின் ரேகை தெரியும் தெளிவான வார்னிஷ் என்று பொதுவாக ஒரு வரிசை உண்டு. மாற்றம் நடந்த நாட்களில் இரண்டு வகையும் கலந்தே வெளிவந்திருக்கும் என்பதால் இதை ஆண்டுக்கணக்காக இழுக்கக் கூடாது. ஒரு கிட்டின் மூன்று டிரம்களும் ஒன்றாகப் பிறந்தவையா என்று பார்க்க இந்தப் பூச்சு, எண்ணைவிடப் பல மடங்கு உதவும். மூன்று எண்களும் ஆயிரக்கணக்கில் தள்ளி இருப்பதை வைத்து மட்டும் கிட் கலப்படம் என்று சொல்ல முடியாது. உட்பூச்சும், லக்கை (தோலை இறுக்கும் திருகுகளைப் பிடித்துக்கொள்ளக் கூட்டின் வெளியே பொருத்திய உலோக உறுப்பு) கழற்றினால் அடியில் வெயில் படாமல் இருக்கும், கூட்டைச் சுற்றி ஒட்டிய உறையின் நிறமும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

பேட்ஜின் வடிவம் இடைப்பட்ட சாட்சி. கீஸ்டோன் 1969 வாக்கில் விடைபெற்றது. அடுத்து நீலமும் ஆலிவ் பச்சையும் கலந்த பேட்ஜ் வந்தது. அதன் முனைகள் முதலில் கூராக இருந்து எழுபதுகளின் கடைசியில் உருண்டை ஆயின. பெரிய பிரிவுகளைப் பிரிக்க இது போதும். ஆனால் கீஸ்டோன் வடிவம் பிற்காலத்தில் திரும்பவும் வந்திருக்கிறது, போலி பேட்ஜும் விலைக்குக் கிடைக்கிறது. அதனால் பேட்ஜைவிட அதைக் கூட்டோடு பிணைத்திருக்கும் உலோகக் குழல்வளையத்தைக் கூர்ந்து பாருங்கள். காற்றுத் துளையும் அதுவே. உள்பக்கம் விரித்து அடித்திருக்கும் அதை உடைக்காமல் பேட்ஜைக் கழற்ற முடியாது. உள்ளே வளையம் கிழிந்தோ, புதிதாக அடித்ததுபோலவோ, சுற்றிலும் பூச்சு பெயர்ந்தோ இருந்தால் பேட்ஜின் சொல் செல்லாது. ஸ்ட்ரெய்னர், மஃப்ளர், ஹூப் போன்றவை ஸ்குரூடிரைவரும் பத்து நிமிடமும் இருந்தால் மாறிவிடும் உறுப்புகள்; அவற்றை வைத்து வாதாடுவதில் பயனில்லை, முரண்பட்டால் மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

உலோக ஸ்நேர் டிரம்மில், குறிப்பாக லுட்விக்கின் சூப்ராஃபானிக் 400 மாதிரியில், கேள்வியே வேறு. அறுபதுகளின் தொடக்கத்தில் அதன் கூடு பித்தளைமேல் குரோம். 1963-ஐ ஒட்டி அலுமினியத்துக்கு மாறியது. பித்தளைக்கு விலை அதிகம் என்பதால் சந்தையில் எல்லாருடைய டிரம்மும் பித்தளைதான்! காந்தத்தை ஒட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு; பித்தளை, அலுமினியம் இரண்டிலும் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை வீண். தூக்கிப் பார்த்தால் பித்தளையின் கனம் கைக்குத் தெரியும். லக்கைக் கழற்றித் துளையின் விளிம்பில் மஞ்சள் உலோகம் தெரிகிறதா என்று பார்க்கலாம். குரோம் கொப்பளித்துப் புள்ளி புள்ளியாக உதிர்வது அலுமினியக் கூட்டின் தீராத நோய். எண் இல்லாத பேட்ஜ் பித்தளைக்கு ஆதரவான சாட்சி; ஆனால் அதை மட்டும் வைத்துப் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

மற்ற நிறுவனங்களுக்குச் சாட்சிகளின் வரிசை மாறும். புரூக்ளினின் கிரெட்ச் கூடுகளில் உள்ளே பூசிய வெள்ளிநிறப் பூச்சும், ஒட்டியிருக்கும் காகித லேபிளும் முதலில் பார்க்க வேண்டியவை. வட்ட பேட்ஜ் எழுபதுகளின் தொடக்கத்தில் எண்கோணமாகியது. ஸ்லிங்கர்லேண்டில் பேட்ஜில் உள்ள ஊர்ப்பெயரே நல்ல வழிகாட்டி: நைல்ஸ் என்றிருந்தால் தொழிற்சாலை சிகாகோவை விட்டுப் போன 1960-க்கு முந்தியதல்ல.

இவ்வளவு துருவ வேண்டுமா, காதுக்கு நன்றாக இருந்தால் வாங்கிவிட்டுப் போகலாமே என்பது இன்னொரு மறுப்பு. வாசிக்க மட்டும் வாங்குபவருக்கு அது பெருமளவு சரியே. 1964-இல் செய்த மூன்றடுக்குக் கூட்டுக்கும் 1967-இல் செய்த மூன்றடுக்குக் கூட்டுக்கும் ஒலியில் அந்த மூன்று ஆண்டு தெரியாது. அந்த ஆண்டுக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் வாங்குவது ஒரு கதையை. கதை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் கதைக்குக் காசு கொடுக்கும்போது அது உண்மையா என்று பார்க்கும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. மூன்றடுக்கா ஆறடுக்கா, பித்தளையா அலுமினியமா என்பதோ கதையல்ல, கூட்டின் கட்டுமானமே அது. அங்கே வாசிப்பவரும் வயதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

ஒரே விலைக்கு இரண்டு டிரம் எதிரே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் எண் 1964 என்கிறது. உள்ளே புதுப் பெயின்ட், பேட்ஜின் வளையம் புதிது, கூடுதலாக இரண்டு துளை. இன்னொன்றில் எண் எதையும் பெரிதாகச் சொல்லவில்லை. உள்ளே தொட்டிராத பழைய பூச்சு, அதன்மேல் 1967-இன் மங்கிய சிவப்பு முத்திரை. இரண்டாவதை எடுங்கள். விற்பவர் தொலைவில் இருந்தால் பேட்ஜின் படத்தைக் கேட்காமல் நான்கு படம் கேளுங்கள்: தோலைக் கழற்றிய நிலையில் கூட்டின் முழு உட்புறம், பேட்ஜ் வளையத்தின் உள்பக்கம், கூட்டின் விளிம்பு அடுக்குகளை எண்ணத்தக்க நெருக்கத்தில் ஒன்று, ஒரு லக்கைக் கழற்றி அதன் அடியில் ஒன்று. தோலைக் கழற்ற மனமில்லை என்று அவர் சொன்னால், 1964-க்கான விலையைச் சொல்லவும் அவருக்கு ஆதாரமில்லை என்று எடுத்துக்கொண்டு, வயது தெரியாத டிரம்முக்கு உரிய விலையில் பேச்சைத் தொடங்குங்கள்.