தேசியக் கொடியின் நடுவே உள்ள சக்கரம்

ஆகஸ்டு 15ஆம் நாளும் ஜனவரி 26ஆம் நாளும் பள்ளியில் கொடி வணக்கம் முடிந்து வீடு திரும்பும் நம் சிறார், "கொடியில் இருப்பது நம் புத்த பகவானின் சக்கரந்தானா?" என்று வினவுகின்றனர். ஆம் என்று பெருமிதத்தோடு சொல்லிவிடுகிறோம். ஆரக்கால் ஏன் 24 என்று அடுத்த வினா எழுந்ததும், நாளொன்றுக்கு 24 மணி அல்லவா என்று கூறி அனுப்பிவிடுகிறோம். முதல் விடை பாதி மெய். இரண்டாம் விடை வழக்கில் பரவியதேயன்றிச் சட்டத்தில் உள்ளதன்று. கேட்டதை எல்லாம் நம்பிவிடாது ஆராய்ந்து ஏற்கவேண்டும் என்பது நம் ஆசான் கற்பித்த நெறி. ஆதலின் இதனை இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

1947 ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பண்டித ஜவாஹர்லால் நேரு கொணர்ந்த தீர்மானமே நம் கொடிக்கு ஆதாரம். காவி, வெண்மை, கரும்பச்சை ஆகிய மூன்று நிறங்களும் சம அளவில் படுக்கையாக அமையவேண்டும். வெண்பட்டையின் நடுவில் கருநீலச் சக்கரம் ஒன்று வேண்டும். அதன் குறுக்களவு ஏறத்தாழ வெண்பட்டையின் அகலமாக இருக்கவேண்டும். கொடியின் அகலமும் நீளமும் 2க்கு 3 என்ற விகிதத்தில் நிற்கவேண்டும். இவ்வளவும் பலர் அறிந்ததே. பலர் அறியாதது ஒன்று உண்டு. அச்சக்கரம் இராட்டையைக் குறிப்பது என்றே தீர்மானம் கூறுகிறது. அதன் வடிவம் மட்டும் சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் சிங்கத்தலைப் பீடத்திலுள்ள சக்கரத்தினின்றும் எடுக்கப்படவேண்டும் என்கிறது.

இதன் காரணம் எளியது. 1921இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கய்யா காந்தியடிகளிடம் கொடி மாதிரியைக் காட்டிய காலந்தொட்டு, காங்கிரஸ் கொடியில் இராட்டை இடம்பெற்று வந்தது. ஆனால் கொடி என்பது இருபுறமும் பார்க்கப்படும் பொருள். இராட்டையில் ஒருபுறம் சக்கரமும் மறுபுறம் கதிரும் இருப்பதால், முன்பக்கம் நேராகத் தோன்றுவது பின்பக்கம் மாறித் தோன்றும். இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டுமாயின் சக்கரத்தை மட்டும் வைப்பதே பொருத்தம் என்று நேரு சபையில் விளக்கினார். எந்தச் சக்கரம் என்று தேடியபோதுதான் அசோகரின் சக்கரம் முன்வந்தது. அதே நாள் பேசிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அதனைத் தருமச் சக்கரம் என்றே எடுத்துரைத்தார். ஆக, இராட்டையின் இடத்தில் தம்மச் சக்கரத்தின் உருவம் வந்து அமர்ந்தது. முதல் விடையைப் பாதி மெய் என்றது இதனால்தான்.

இனிச் சாரநாத்துக்குச் செல்வோம். இசிபதனம் என்று நம் நூல்கள் கூறும் அவ்விடத்தில்தான் பகவான் ஆடிப் பூரணையன்று ஐந்து துறவியர்க்கு முதல் உபதேசம் செய்தருளினார். 1904–05இல் அங்கு நடந்த அகழ்வில் அசோகர் தூணின் தலை வெளிப்பட்டது. முதுகோடு முதுகு பொருந்திய நான்கு சிங்கங்கள். அவற்றின் கீழே வட்டப் பீடம். பீடத்தைச் சுற்றி யானை, எருது, குதிரை, சிங்கம். இவற்றினிடையே 24 ஆரக்கால் கொண்ட நான்கு சிறு சக்கரங்கள். சிங்கங்களின் தலைமேல் 32 ஆரக்கால் கொண்ட பெருஞ்சக்கரம் ஒன்றும் இருந்தது. அது உடைந்து துண்டுகளாகவே கிடைத்தது. நம் கொடியில் உள்ளது அப்பெருஞ்சக்கரம் அன்று, பீடத்துச் சிறு சக்கரமே.

24 என்னும் எண்ணுக்கு 24 மணி என்றும் 24 நற்குணங்கள் என்றும் பலர் பொருள் உரைப்பர். தீர்மானம் இவற்றுள் எதனையும் கூறவில்லை. பௌத்தர் கூறும் பொருள் ஒன்றுண்டு. பேதைமை முதலாகப் பன்னிரு சார்பு நிலைகளை நாம் கற்கிறோம். பேதைமை உள்ளவிடத்துச் செய்கை தோன்றும். அதனைச் சார்ந்து அடுத்தடுத்தவை தோன்றிப் பிறப்பும் மூப்பும் சாவும் துயரமும் வந்து சேரும். இது துன்பம் தோன்றும் முறை. பேதைமை அற்றவிடத்துச் செய்கை அறும். முடிவில் துயரம் அறும். இது துன்பம் நீங்கும் முறை. தோன்றுவது பன்னிரண்டும் நீங்குவது பன்னிரண்டும் கூட்ட 24 ஆகும். அசோகரின் சிற்பி இதனை எண்ணித்தான் செதுக்கினான் என்று எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. ஆயினும் பாடம் சொல்ல இதனினும் நல்ல கருவி வேறில்லை என்பது எமது கருத்து. சிறாரை ஆரக்கால்களை விரலால் தொட்டு எண்ணச் செய்து, பாதி வரை துன்பத்தின் வரவையும் மீதியில் அதன் நீக்கத்தையும் சொல்லிக்கொடுக்கலாம். சிறார்க்கு இது கணக்குப் போலவே பிடித்துவிடும்.

பாபாசாகேப் அம்பேத்கர் ஒருவரே சக்கரத்தைக் கொடியில் வைத்தார் என்று நம்மவர் மேடைகளில் முழங்குவதுண்டு. இராஜேந்திர பிரசாத் தலைமையில் கொடியை முடிவு செய்ய அமைந்த குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார், இது உறுதி. அக்குழுவில் ஆசாத், இராஜாஜி, சரோஜினி நாயுடு முதலியோரும் இருந்தனர். அவர் நாகபுரியில் திரிசரணம் ஏற்றது 1956 அக்டோபர் 14ஆம் நாள். அவர் பெருமைக்கு மிகைமொழி தேவையில்லை.

சக்கரத்தை நிறுத்திய மன்னரை அறியச் சாரநாத் வரை போகவேண்டுவதில்லை. நம் கர்நாடகத்திலேயே சித்திரதுர்க்கா மாவட்டத்து மொளகால்மூரு வட்டாரத்தில் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய மூன்று இடங்களில் அவருடைய சாசனங்கள் உள்ளன. 1892இல் அவற்றை வெளிக்கொணர்ந்தவர் பெங்களூரிலேயே பிறந்த பி. எல். ரைஸ். இராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கிச் சாசனத்தை 1915இல் கண்டவர் பீடன் என்னும் தங்கச் சுரங்கப் பொறியாளர். கோலார் தங்கவயல் அன்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக. தேவானாம்பிரியர் என்று சாசனங்களில் அழைக்கப்பட்டவர் அசோகரே என்பது மஸ்கியில் அப்பெயர் கிடைத்த பின்பே ஐயமற விளங்கிற்று.

அச்சாசனங்களில் மன்னர் சொல்வது வெற்றிச் செய்தியன்று. தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்கிறார். முதல் ஓராண்டு போதிய முயற்சி செய்யவில்லை என்று தாமே ஒப்புக்கொள்கிறார். பின்னர்ச் சங்கத்தை அணுகி ஊக்கத்துடன் முயன்றதாகக் கூறுகிறார். இப்பயன் பெரியோர்க்கே உரியதன்று, சிறியோரும் முயன்றால் அடையலாம் என்று கல்லில் பொறித்து வைக்கிறார். அவரும் நம்மைப்போல் இடையில் வந்து தம்மத்தைத் தழுவியவர். நாட்டின் மன்னர் தம் முதலாண்டுச் சோம்பலை ஊரறியச் சொல்லியிருக்க, பஞ்சசீலம் ஏற்றுச் சில மாதங்களே ஆன அன்பர் தம் குறைக்கு நாணி வழிபாட்டுக்கு வாராதிருப்பானேன்?

இறுதியாக, கொடி ஏற்றும் முறை. 1885ஆம் ஆண்டு வைசாகப் பூரணையன்று கொழும்பில் முதலில் ஏற்றப்பட்ட நீலம், மஞ்சள், சிவப்பு, வெண்மை, செம்மஞ்சள் நிறப் பௌத்தக் கொடியை நாம் விழா நாள்களில் ஏற்றுகிறோம். 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதிகளின்படி தேசியக் கொடிக்கு மேலாகவோ அதன் பக்கத்திலோ வேறு கொடி எதுவும் இருத்தல் கூடாது. கம்பத்தின்மேல் பூமாலை சூட்டுதலும் கூடாது. கொடியில் எழுத்து எதுவும் எழுதலாகாது. ஆகவே தேசிய விழா நாளில் பௌத்தக் கொடியை வாயிற்புறத்துக் கம்பத்தில் சேர்த்துக் கட்டாது, உள்ளே வழிபாட்டறையில் வைத்துக்கொள்க. கதர்க்கொடி வேண்டுவோர்க்கு, ஹுப்பள்ளி அருகே பெங்கேரியில் கர்நாடகக் கதர் கிராமத் தொழில் சம்யுக்த சங்கம் அளவும் நிறமும் சோதித்துத் தைத்து வழங்குகிறது. 2021 டிசம்பரில் விதி திருத்தப்பட்டு இயந்திரத் துணியும் பாலியெஸ்டரும் அனுமதிக்கப்பட்டுள்ளன. எனினும் வாங்கும்போது சக்கரத்தின் ஆரக்கால்களை ஒருமுறை எண்ணிப் பார்த்து வாங்குக. மலிவான கொடிகளில் 24 இருப்பதில்லை.