பலாவுக்கு வந்த பட்டம்

ஒரு நாட்டுக்குக் கொடியும் முத்திரையும் இருப்பதுபோல, விலங்கு, பறவை, மலர், மரம் ஆகியவற்றையும் சின்னங்களாகக் கொள்வது இக்கால வழக்கம். கேரளத்துக்கு யானையும் இருவாட்சியும் கொன்றை மலரும் தென்னையும் முன்பே உண்டு. அவ்வரிசையில், 2018 மார்ச் 21-ஆம் நாள், பலா மாநிலப் பழமாகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

பலாவைத் தேர்ந்தது ஏன்? அழகுக்காகவா? முள்தோலும் பிசுபிசுக்கும் பாலும் உடையது அது. அருமைக்காகவா? தோட்டந்தோறும் காய்த்துக் குலுங்குவது அது. பெயருரிமை உண்டு எனலாம். மலையாளத்தில் அதன் பெயர் 'சக்க'. போர்த்துகீசியர் அதனை 'ஜாக்கா' என்றனர். ஆங்கிலத்தில் 'ஜாக்' ஆயிற்று. குமரி மாவட்டத்தாரும் சக்கை என்றே வழங்குவர். ஏனைய தமிழர்க்கோ சக்கை என்றால் பிழிந்தெறியும் கழிவு!

உண்மையில் அப்பழம் கழிவாகவே போய்க்கொண்டிருந்தது. அரிசி கிடைக்காத நாளில் வயிற்றை நிரப்பியது சக்கைப் புழுக்கு. அதனாலேயே 'ஏழையின் உணவு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கையில் காசு வந்ததும் அதை ஒதுக்கினர். மேலும், எல்லாப் பழமும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் பழுக்கும். மரமேறிப் பறிக்க ஆள் வேண்டும். கையில் எண்ணெய் தடவி அறுக்க வேண்டும். சிறு குடும்பத்தால் ஒன்றைத் தின்று தீர்க்க இயலாது. மழை தொடங்கினால் மரத்தடியிலேயே அழுகும்.

இந்த வீணடிப்பைத் தடுத்து, 'கேரளப் பலா' என்ற பெயரில் வெளிச்சந்தையில் விற்பதே அறிவிப்பின் நோக்கம். ஆகவே இது பெருமைக்காகச் சூட்டிய முடி அன்று. புறக்கணிப்புக்குச் செய்த பரிகாரம்.

ஆயினும் பட்டம் மட்டும் விலை தராது. பழத்தைத் திரட்டும் நிலையமும் சுளையை உலர்த்திக் காக்கும் வசதியும் ஊர்தோறும் அமைய வேண்டும். இல்லையேல் வறுவல் விற்பவர் செழிப்பார். மரம் வளர்த்தவர் பழையபடி பழத்தை மண்ணில் தள்ளுவார்.

தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் பலாவே; வங்காளதேசத்தின் தேசியப் பழமும் அதுவே. முக்கனியுள் ஒன்றெனப் போற்றும் நாம், பண்ணுருட்டி உழவருக்கு அதனால் கிடைப்பது என்ன என்றும் கேட்க வேண்டும். சின்னத்தைத் தேர்வது ஒரு நாள் வேலை. அதற்கு மதிப்புத் தேடித் தருவது பல்லாண்டுப் பணி.