நின்ற இடத்தில் அணையும் இயந்திரம்

பூச்சோங்கில் எல்.டி.பி. நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கிறீர்கள். ஏர்கோன் ஓடுகிறது. திடீரெனக் கார் நடுங்கி, இயந்திரம் அணைகிறது. ஏன்?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று செல்லும் திராட்டல் கதவு மூடிக்கொள்கிறது. பழைய கார்கள் பலவற்றில் ஒரு சிறு பக்கவழிதான் அப்போது காற்றைத் தருகிறது. அதைக் கூட்டிக் குறைப்பது ஐ.ஏ.சி. வால்வு. புதிய கார்களில் கணினியே திராட்டலைச் சற்றுத் திறந்து வைக்கிறது.

இயந்திரம் சூடான பின், சுற்றுமானி முள்ளைப் பாருங்கள். பெரும்பாலும் நிமிடத்திற்கு 700 முதல் 900 சுற்றுகள் இருக்கும்.

1. முள் மிகத் தாழ்ந்தால்: கரி படிந்து காற்றுவழி அடைபட்டிருக்கலாம்.

2. மிக உயர்ந்தால்: வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது வெடித்த ரப்பர் குழாய் வழியே காற்று புகலாம். 'உஸ்' ஒலி கேட்கிறதா? சுழலும் விசிறி, பெல்ட் அருகே கை வேண்டாம்.

3. ஏர்கோனைப் போடுங்கள். முள் சற்று இறங்கி மீண்டால் நல்லது. மீளாமல் நடுங்கினால் வால்வு மீது சந்தேகம் வலுக்கிறது.

அலட்சியம் வேண்டாம். ஓடும்போது இயந்திரம் அணைந்தால், பிரேக்கிற்குத் துணைநிற்கும் வெற்றிடம் சில மிதிப்புகளில் தீரும். மிதி கல்லாக இறுகும்.

பட்டறையில் உடனே புது வால்வு வாங்காதீர்கள். முதலில் குழாய்களைச் சோதித்து, கரியைத் துடைக்கச் சொல்லுங்கள். கவனி, ஊகி, சோதி, பிறகு முடிவெடு: வகுப்பறை அறிவியல் இங்கே உங்கள் ரிங்கிட்டையும் காக்கும்.