வீட்டிலேயே காரைத் தூக்கணுமா? பத்திரமான ஜாக்கி, லிஃப்ட் வாங்க 18 குறிப்புகள்

டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் பார்ப்பது போன்ற வேலைகளை வீட்டு கார் ஷெட்டிலேயே முடித்தால் கூலியும் மிச்சம், ஒர்க்‌ஷாப்பில் காத்திருக்கும் நேரமும் மிச்சம். ஆனால், ஒரு டன் இரும்புக்குக் கீழே கை வைக்கிற வேலை இது. தூக்குவதற்கு ஒன்று, தாங்குவதற்கு ஒன்று என்று பிரித்துப் பார்த்து வாங்கினால் பணமும் வீணாகாது, பயமும் இருக்காது.

1. கடைக்குப் போகும் முன் உங்கள் காருக்கு என்னென்ன வேலை வீட்டில் செய்வீர்கள் என்று எழுதிப் பாருங்கள். டயர், பிரேக், ஆயில் அளவோடு சரி என்றால் ட்ராலி ஜாக்கியும் ஒரு ஜோடி ஸ்டாண்டும் தாராளமாகப் போதும். அடிக்கடி வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்ப்பவர்களுக்குத்தான் லிஃப்ட் செலவு கட்டுபடியாகும்.

2. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் காலி எடை கிலோவில் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். சின்ன காருக்கு 2 டன் ட்ராலி ஜாக்கி, பெரிய எஸ்.யூ.வி.க்கு 3 டன் என்று வாங்கினால் இழுபறி இருக்காது. லிஃப்ட் என்றால் வண்டியின் முழு எடையைவிடக் கணிசமாகக் கூடுதல் திறன் வேண்டும்.

3. ஜாக்கி எவ்வளவு உயரம் தூக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், எவ்வளவு தாழ்வாக இறங்கும் என்றும் கேளுங்கள். பஞ்சரான டயரில் கார் இன்னும் கீழே உட்கார்ந்திருக்கும். அப்போதும் ஜாக்கியின் தலை உள்ளே நுழைய வேண்டும். வீட்டில் டேப் வைத்து அளந்துகொண்டு போனால் மாற்றித்தரச் சொல்லி மறுபடி அலைய வேண்டியதில்லை.

4. காரோடு வரும் குட்டி ஜாக்கி வழியில் ஸ்டெப்னி மாட்டுவதற்கு மட்டும்தான். அதை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அது டிக்கியிலேயே இருக்கட்டும், வீட்டு வேலைக்கு வேறு வாங்குங்கள்.

5. ஜாக்கி வாங்கும் அன்றே ஸ்டாண்டும் வாங்கிவிடுங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் தேய்ந்தால் ஆயில் கசிந்து வண்டி தானாகவே இறங்கும். தூக்கியதும் ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

6. ஸ்டாண்டில் எழுதியிருக்கும் டன் அளவு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். துளையில் கம்பி செருகும் ரகம் எளிமையானது, பார்த்தவுடனே பூட்டியிருக்கிறதா என்று தெரியும். பல்சக்கர ரகம் வாங்கினால் பல் முழுசாகக் கவ்வுகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள்.

7. ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல், ஹாலோ பிளாக் வைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் ஓரிடத்தில் பாரம் குவிந்தால் அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். சிக்கனம் காட்ட எத்தனையோ இடம் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

8. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய ஜாக்கி வாங்கினால் வெல்டிங்கில் விரிசல், வளைந்த தண்டு, ஆயில் ஈரம் மூன்றையும் பாருங்கள். வண்டியைத் தூக்கி வைத்துவிட்டு கொஞ்ச நேரம் கடையிலேயே நில்லுங்கள். துளி இறங்கினாலும் அந்த ஜாக்கி வேண்டாம்.

9. போர்டிகோவில் டைல்ஸோ பேவர் கல்லோ போட்டிருந்தால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பிளைவுட் பலகை போடுங்கள். பாரம் பரவும், டைல்ஸ் உடையாது, ஸ்டாண்டு சாயாது. மழைத்தண்ணீர் ஓடச் சரிவு விட்ட தரையில் தூக்காமல், மட்டமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

10. நம் ஊர் வீடுகளில் போர்டிகோவுக்கு அடியில்தான் பெரும்பாலும் சம்ப்போ செப்டிக் டேங்கோ இருக்கும். அதன் மூடி மீதோ மேல்தளத்தின் மீதோ ஜாக்கி, லிஃப்ட் எதையும் வைக்காதீர்கள். வீட்டு பிளானை எடுத்து தொட்டியின் எல்லையைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிடுங்கள், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

11. தூண் லிஃப்ட் வைப்பதென்றால் தரைதான் முதல் செலவு. குறைந்தது 4 அங்குலம் கான்கிரீட் வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். கனரக லிஃப்டுக்கு இன்னும் தடிமன் வேண்டும். புதிதாகத் தளம் போட்டால் 28 நாள் நன்றாக இறுகவிட்டு, அதன்பிறகே போல்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

12. காரின் உயரம் 5 அடி, அடியில் நிற்பவர் 6 அடி என்றால் கூரை 11 அடிக்கு மேலேயே இருக்க வேண்டும். 10 அடிக் கூரை இருப்பவர்கள் இடுப்பளவு தூக்கும் சிசர் லிஃப்ட் பார்க்கலாம், டயர், பிரேக் வேலைக்கு அதுவே வசதி. அளக்கும்போது ஃபேன், லைட், ஷட்டர் பெட்டி எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள்.

13. வீட்டில் மூன்று ஃபேஸ் இல்லையென்றால் ஒற்றை ஃபேஸில் ஓடும் மோட்டார் உள்ள லிஃப்டாகக் கேளுங்கள், புது இணைப்புச் செலவு மிச்சம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுக்கொள்ளுங்கள். மழைச்சாரல் அடிக்கும் இடத்தில் சுவிட்சு வேண்டாம்.

14. லிஃப்டில் ஆயில் அழுத்தம் தூக்குவதற்கு, இரும்புப் பூட்டு தாங்குவதற்கு. ஒவ்வொரு படியிலும் பூட்டு விழுகிறதா, எல்லாத் தூணிலும் ஒரே நேரத்தில் விழுகிறதா என்று வண்டியோடு இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்கியபின் சற்றே இறக்கி, பூட்டின் மேல் பாரம் உட்கார்ந்த பிறகே உள்ளே போங்கள்.

15. திறன், வரிசை எண், தயாரித்த ஆண்டு பொறித்த தகடு இல்லாத லிஃப்டை வாங்க வேண்டாம். ஐரோப்பாவில் வாகன லிஃப்டுக்கு ஈ.என். 1493 என்ற தரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட்டின் தங்க நிற முத்திரை ஒட்டியிருக்கும். இறக்குமதிச் சரக்கு என்றால் இவற்றுக்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

16. விலை மட்டும் பார்க்காமல் சீல், கேபிள், ரப்பர் பேட் பக்கத்தில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். கோயம்புத்தூரிலேயே ஒர்க்‌ஷாப் லிஃப்ட் தயாரிக்கிறார்கள். பழுதென்றால் ஆள் வர நாள்கணக்கில் ஆகாது. தெருவில் நாலு வீடு சேர்ந்து ஜாக்கியும் ஸ்டாண்டும் பொதுவாக வாங்கினால் நல்ல ரகமே கையைக் கடிக்காமல் வாங்கலாம்.

17. தூக்கும் முன் ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் முன்சக்கரக் கட்டைதான் காவல். வீல் நட்டை டயர் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டால் பாதி உழைப்பு மிச்சம்.

18. காரின் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கி வையுங்கள். நடுவில் காடி வெட்டிய ரப்பர் பேட் வைத்தால் விளிம்பு நசுங்காது, துருவும் பிடிக்காது. அரை அடி தூக்கியதும் வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்து, ஆடாவிட்டால் மேலே தூக்குங்கள். ஜாக்கிக்கு ஜாக்கி ஆயில்தான் ஊற்ற வேண்டும், பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் கெட்டுவிடும்.

இவற்றில் எதை மறந்தாலும் ஸ்டாண்டையும் பூட்டையும் மறக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒரு நிமிடம்கூடப் போக வேண்டாம், நண்பர்களே!