மோட்டாரைச் சுற்றிய சவ்வு

திருச்சியில் ஒரு வீட்டில், ஞாயிற்றுக்கிழமை கோலா உருண்டைக்காக அரைக் கிலோ ஆட்டுக்கறியை 750 வாட்ஸ் மிக்ஸியில் போட்டார்கள். இரண்டு சுற்று ஒழுங்காக ஓடியது. மூன்றாவதில் சத்தம் இறங்கி முனகியது. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் துள்ளி வெளியே வந்தது. அந்த வீட்டு அக்கா அதை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடி துள்ளியது, மறுபடி தள்ளினார். கருகல் வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தார்.

மறுநாள் ரிப்பேர் கடையில் முதல் கேள்வியே, "எலும்பு போட்டீங்களாக்கா?"

"சத்தியமா இல்லப்பா. தனிக் கறின்னு கேட்டு வாங்கினது."

கடைக்காரர் ஜாரைச் சாய்த்து, பிளேடுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் முனையை விட்டு நெம்பினார். நூல்கண்டு மாதிரி இறுகிச் சுற்றியிருந்த வெள்ளைச் சவ்வு ஒன்று சுருள் சுருளாக வந்தது. விரல் நீளத்துக்கு இழுத்தும் அறுந்தபாடில்லை. "எலும்பு பிளேடைத்தான் கெடுக்கும். காயிலை எரிக்கிறது இந்தப் பயதான்" என்றார்.

அவர் சொன்னது சரி. அரிவாள்மனை மாதிரி மிக்ஸி நறுக்குவதில்லை, வேகத்தில் அடிக்கிறது. சுமையில்லாமல் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று. மிளகாயும் மல்லியும் அந்த அடியில் நொறுங்கும். சவ்வோ வளைந்து கொடுத்து, தண்டில் சுற்றிக்கொண்டு இறுகும். சுழற்சி குறையக் குறைய மோட்டார் அதிக கரண்டை இழுக்கும், காயில் சூடேறும். அதைக் குளிர வைக்க வேண்டிய ஃபேனும் அதே தண்டில்தான் இருக்கிறது என்பதால், காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதுவும் சோர்ந்து போகும். சிவப்புப் பொத்தான் அதற்காகத்தான் துள்ளுகிறது. துள்ளினால் பிளக்கைப் பிடுங்கி, ஜாரைக் காலி செய்து, மோட்டார் நன்றாக ஆறும் வரை விட வேண்டும். உடனே தள்ளிவிட்டு ஓட்டுவது, காய்ச்சல்காரரை எழுப்பி மூட்டை தூக்கச் சொல்வது மாதிரி.

இந்திய மிக்ஸி பிறந்ததே ஒரு மோட்டார் பழுதில்தான். 1960களில் மும்பையில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற இன்ஜினியரின் வீட்டில் இருந்த வெளிநாட்டு மிக்ஸி நம் ஊர் அரைப்புக்குத் தாங்கவில்லை. தாங்குகிற ஒன்றைச் செய்கிறேன் என்று அவர் இறங்கியதில் வந்ததுதான் சுமீத். தேங்காய், மஞ்சள், ஊறிய பருப்பு எல்லாவற்றுக்கும் வழி சொன்ன இயந்திரம் அது. பச்சைக் கறியின் சவ்வு வேறு ரகம்.

எலும்பின் கதை தனி. நாய் வளர்க்கும் ஒரு வீட்டில் கோழிக் கழுத்தையும் முதுகெலும்பையும் பச்சையாகவே ஜாரில் போட்டிருக்கிறார்கள். கப்ளர் பல் உதிர்ந்து மோட்டார் தப்பியது; அதை அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும், கப்ளர் மலிவான சாமான். ஆனால் பிளேடு நுனி மழுங்கியிருந்தது, அரைத்த கறிக்குள் ஊசி ஊசியாக எலும்புச் சில்லு கிடந்தது. அதை நாய்க்கு வைக்க முடியுமா? அப்படியே கொட்டிவிட்டார்கள். கோழி எலும்பு அரைக்கலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும் கறி அரைக்கும் மெஷினில் மட்டும்தான் அந்த வேலையைச் செய்யலாம். ஆட்டுக்கால் எலும்பை எந்த வீட்டு மெஷினிலும் காட்டக்கூடாது. நண்டு ரசத்துக்குக் கால் நசுக்க இன்றைக்கும் அம்மிதான் சரி. (அம்மியைப் பழைய சாமான்காரருக்குப் போட்டவர்கள் இடிகல்லைத் தேடலாம்.)

மெஷின் வாங்கினாலும் தொல்லை முழுக்கத் தீராது. கைப்பிடி சுற்றும் மெஷின் வாங்கிய ஒருவர், முதல் நாளே கறி கைமாவாக வராமல் கூழாக வழிகிறது என்று அதைப் பரணில் ஏற்றிவிட்டார். பல மாதம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. நாலு இறக்கை பிளேடில் தட்டையான பக்கம் ஓட்டைத் தட்டை ஒட்டி உட்கார வேண்டும். அவர் திருப்பி மாட்டியிருந்தார். அப்படி மாட்டினால் வெட்டு விழாது, கறி நசுங்கித்தான் வெளியே வரும்.

மிக்ஸியே கதி என்பவர்களுக்கும் வழி உண்டு. வெள்ளையாகத் தெரியும் சவ்வையெல்லாம் கத்தியால் உரித்துவிட்டு, கறியை ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, ஃப்ரீசரில் 20 முதல் 30 நிமிடம் வைக்க வேண்டும். ஓரம் விறைத்து நடு மெத்தென்று இருப்பதுதான் பதம். கல்லாக உறைந்தால் எலும்பைப் போட்டது போலத்தான். குளிர்ந்த கொழுப்பு ஈஷாமல் வெட்டுப்படும். ஒரு கைப்பிடி போட்டு, மூன்று நான்கு விநாடி விட்டு விட்டு ஓட்டினால் போதும். சத்தம் கனத்தால் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடுக்கு அடியில் பார்க்க வேண்டும். கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சோப்பும் வெந்நீரும். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும், அந்த ஜாரில் மறுநாள் சட்னி அரைக்க முடியாது. முழுத் துண்டின் மேற்பரப்பில் இருக்கும் கிருமி அரைத்த கறியில் உள்ளே வரை கலந்துவிடுகிறது. அதனால் நடுப்பகுதியும் 71 டிகிரி செல்சியஸ் சூடு காண வேண்டும், கோழியானால் 74.

திருச்சி அக்காவின் மிக்ஸிக்குக் காயில் மாற்றியாகிவிட்டது. கோலா செய்யும் ஞாயிறுகளில் அவர் இப்போது கறிக்கடையில் கட்டைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். "சவ்வை உரிச்சுட்டு ரெண்டு தடவை கொத்துங்கண்ணே." கடைக்காரர் உரித்ததைச் சுண்டி எறிகிறார். கட்டைக்கு அடியில் ஒரு பூனை காத்திருக்கிறது.