முதலில் சேறு, பிறகு திரை: பிறைப் பெற்றோருக்குச் சில குறிப்புகள்

1. சதுப்பு நிலம் என்றதும் பிள்ளைகளைப் பாஹாங்கின் தாசேக் பெராவுக்குக் கூட்டிப்போக வேண்டாம். பிறைக்குத் தெற்கே ஜூரு ஆறு கடலில் சேரும் இடத்திலேயே பாக்காவ் (அலையாத்தி) காடு இருக்கிறது. வடக்கே ஆயர் ஹீத்தாம் டாலாம் கல்வி வனமும் உண்டு.

2. கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீர் வற்றினால்தான் வேர், நண்டு, சேற்றில் தாவும் மீன் எல்லாம் கண்ணில் படும். சிலிப்பர் சேற்றோடு போய்விடும். பழைய சப்பாத்து நல்லது. முழுக்கைச் சட்டை, கொசு மருந்து கட்டாயம்.

3. வேரைக் காட்டி, "இது ஏன் மண்ணுக்கு மேலே வந்திருக்கிறது?" என்று கேளுங்கள். சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மழை பெய்யாத நாளில் அப்பி-அப்பி மரத்து இலையை உற்றுப் பார்த்தால் உப்புப் பொடி தெரியும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியே தள்ளுகிறது.

4. பாக்காவ் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும். பறிக்காமல், கீழே விழுந்ததை எடுத்து வந்து, வெட்டிய போத்தலில் சேறு நிரப்பி நட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை உயரத்தைப் பிள்ளை குறிக்கட்டும். வளர்ந்த கன்றை எங்கே நடலாம் என்று பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தாரிடம் கேளுங்கள். பாக்காவ் நடுவதில் அவர்களுக்குப் பல ஆண்டு அனுபவம். சுங்கை ஆச்சேயில் கல்வி மையமும் நடத்துகிறார்கள்.

5. வேர் மண்ணை எப்படிப் பிடித்து வைக்கிறது என்று காட்ட, இரண்டு தட்டுகளைச் சாய்த்து வைத்து, ஒன்றில் வெறும் மண், மற்றதில் புல்லோடு பெயர்த்த மண் போட்டு நீர் ஊற்றுங்கள். வழியும் நீரின் நிறமே பாடம்.

6. காணொளியை முதலில் காட்டினால் சேறு சப்பென்று ஆகிவிடும். வீடு திரும்பியபின் கூகுள் எர்த்தின் பழைய படங்களைத் திறந்து, பிள்ளை பிறந்த ஆண்டில் கரை எப்படி இருந்தது என்று தேடச் சொல்லுங்கள். தெலுக் ஆயர் தாவார் கரைக்குச் சைபீரியாவிலிருந்தும் பறவைகள் வரும். அங்கே கேட்ட குரல் எந்தப் பறவையுடையது என்று கண்டுபிடிக்க மெர்லின் செயலி இலவசம்.

7. கசப்பான கதையையும் மறைக்காதீர்கள். 1970-களில் தொழிற்சாலைக் கழிவால் ஜூரு ஆறு கெட்டு, கோல ஜூரு மீனவர் பிழைப்பே ஆட்டம் கண்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காகக் குரல் கொடுத்தது. அந்தக் காலத்துக் கெராங், மீன் பற்றித் தாத்தா பாட்டியிடம் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும்.

8. 1971-இல் ராம்சார் ஒப்பந்தம் கையெழுத்தான பிப்ரவரி 2, உலக சதுப்பு நில நாள். பள்ளியில் ஏதாவது செய்ய நினைத்தால், ஆசிரியரிடம் இப்போதே பேசி வையுங்கள்.