சாலை யாருக்கு? சிங்காநல்லூரில் ஒரு பாடம்

(ஓர் அறிவியல் ஆசிரியை)

முன்னுரை

ஒருநாள் மாலை, பள்ளி விட்ட நேரம். சிங்காநல்லூர்ச் சந்திப்பில் மூதாட்டி ஒருவர் கையில் கீரைக்கட்டுடன் சாலையோரம் நின்றிருந்தார். இரண்டு அடி முன்னால் வைப்பார்; பேருந்து ஒன்று ஒலியெழுப்பும்; மூன்றடி பின்னால் வந்துவிடுவார். நம் மாணவி ஒருத்தி அருகே சென்றாள். "அம்மணி, இந்த ரோட்டைத் தாண்டறதுக்கு ஒரு கை குடுக்கறயா? எந்நேரமா நிக்கறேன், ஒரு வண்டியும் நிக்க மாட்டேங்குது" என்றார் அவர். அவள் கைபிடித்து அழைத்துச் சென்று அக்கரையில் விட்டாள்.

மறுநாள் வகுப்பில் அவளைப் பாராட்டினோம். அப்போது மற்றொரு மாணவி எழுந்து, "டீச்சர், நேற்று இவள் இருந்தாள். நாளைக்கு அந்தப் பாட்டி எப்படிக் கடப்பார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நம் சாலையின் கதை

கோவையிலிருந்து இராமநாதபுரம், சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சூலூர், பல்லடம், காங்கயம், கரூர் வழியாகத் திருச்சி செல்வது நம் சாலை. சிங்காநல்லூர் ஒரு காலத்தில் தனி நகராட்சி. 1981இல் கோவை மாநகராட்சி ஆனபோது அதனுடன் இணைந்தது. பஞ்சாலைகள் நிறைந்த பகுதியாதலால், ஆலைச் சங்கு ஊதியதும் சாலை முழுவதும் மிதிவண்டி மணியோசை கேட்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வேட்டியை மடித்துக் கட்டியவர்களும், தூக்குப்போசியுடன் நடந்து செல்லும் பெண்களுமே அன்று இச்சாலைக்கு உரியவர்கள்.

இன்று காட்சி வேறு. மதுரை, திருச்சி, தஞ்சைப் பக்கம் செல்லும் பேருந்துகள் இங்குள்ள பேருந்து நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. வடக்கே காமராசர் சாலையும் தெற்கே வெள்ளலூர்ச் சாலையும் வந்து சேர்கின்றன. தொலைதூர லாரியும், மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்சும், பள்ளிக்குச் செல்லும் சிறுமியும் ஒரே சாலையைப் பங்கிட வேண்டியுள்ளது. ஒரு நெடுஞ்சாலை ஊரின் கடைவீதியாகவும் இருப்பதே நம் சிக்கலின் வேர்.

இச்சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐவரில் ஒருவர் எந்த வண்டியிலும் ஏறாதவர்!

ஒரு சிறு கணக்கு

"கவனமாகப் போ" என்று தினமும் அம்மா சொல்லி அனுப்புகிறார். கவனம் தேவைதான். ஆனால் கவனத்தால் மட்டும் ஏன் உயிரைக் காக்க முடிவதில்லை? ஒன்பதாம் வகுப்புக் கணக்கே விடை சொல்லும்.

ஓட்டுநர் ஒருவர் குறுக்கே ஒரு குழந்தையைக் காண்கிறார். கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆவதாகக் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 8.3 மீட்டர். ஆகவே பிரேக்கை மிதிக்குமுன் 8.3 மீட்டரும், மிதித்தபின் நல்ல உலர்ந்த சாலையில் சுமார் 5 மீட்டரும் வண்டி ஓடும். ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும்.

அதே வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? நொடிக்கு 13.9 மீட்டர். அந்த முதல் நொடியிலேயே 13.9 மீட்டர் கடந்துவிடும். அதாவது, 30இல் வந்தவர் முற்றிலும் நின்றுவிட்ட இடத்தில், 50இல் வருபவர் இன்னும் பிரேக்கில் காலே வைத்திருக்கமாட்டார்! முழு வேகத்துடன் அக்குழந்தையை மோதுவார். அவர் நிற்க மொத்தம் 28 மீட்டர் வேண்டும். மழை பெய்தால் இன்னும் கூடும்.

மோதும் விசையோ இதனினும் கொடிது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 என்பது 50 ஆகும்போது ஆற்றல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகிறது. இதனால்தான், 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்போரும் மிதிவண்டியோரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருத்தல் வேண்டும் என்று வலியுறுத்தியது.

கடக்கும் நேரம்

இப்போது மூதாட்டியின் பக்கத்திலிருந்து கணக்கிடுவோம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு தடங்கள் உள்ள சாலையை எடுத்துக்கொள்வோம். தடம் ஒன்றுக்கு 3.5 மீட்டர் என்றால் மொத்தம் 14 மீட்டர். நீங்கள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பீர்கள். கடக்க 12 நொடி போதும். முழங்கால் வலியுள்ள முதியவர் நொடிக்கு 0.9 மீட்டர் நடந்தால் 15 நொடிக்கு மேலாகும். அந்நேரத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 200 மீட்டருக்கு மேல் வந்துவிடும். சாலையின் நடுவே நின்று மூச்சுவிட ஓர் அகன்ற திட்டு இருந்தால் என்ன ஆகும்? ஒரு நேரத்தில் 7 மீட்டரை மட்டும் கடந்தால் போதும்; ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்தால் போதும். பாட்டி அதே பாட்டிதான். அவர் நடையில் மாற்றம் இல்லை. மாறியது சாலை. அதுவே அவரைக் காக்கிறது.

பிழை பொறுக்கும் சாலை

மனிதர் பிழை செய்வது இயல்பு. ஓட்டுநர் அயர்வார், குழந்தை பந்தின் பின்னால் ஓடும். அப்பிழைக்கு உயிரே விலையாகாதபடி சாலையை அமைப்பதுதான் நல்ல பொறியியல். அதற்கு வேண்டியவை சில:

1. தடையற்ற நடைபாதை: குறைந்தது 1.8 மீட்டர் அகலம் நடப்பதற்கே விடப்பட வேண்டும் என்றும், தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்றும் இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த நெறி கூறுகிறது. கடைப் பலகையும் நிறுத்திய மோட்டார் சைக்கிளும் அதை நிரப்பினால், நடப்பவர் சாலையில் இறங்குவதைத் தவிர வேறு வழி என்ன?

2. மக்கள் கடக்கும் இடத்திலேயே கடவை: பேருந்து நிறுத்தம் ஓரிடத்திலும் வெள்ளைக் கோடு வெகுதொலைவிலும் இருந்தால் யாரும் சுற்றி நடக்கமாட்டார்கள். கடவையைச் சற்று மேடாக அமைத்தால் வண்டியும் தானே வேகம் தணியும்.

3. மிதிவண்டிக்கு இடம்: மிதிவண்டியில் செல்பவர் எப்போதும் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார். அந்த ஓரத்தில்தான் சாக்கடை மூடியும், மணலும், திடீரெனக் கதவு திறக்கும் காரும் உள்ளன. பேருந்தும் நிறுத்தத்துக்காக அங்கேயே ஒதுங்குகிறது. தனித்தடம் அமைக்க இடமுள்ள சாலையில் அதை அமைக்க வேண்டும். இடமில்லாத சாலையில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

4. நடப்போர்க்கும் ஒரு முறை: கோவையில் அண்மை ஆண்டுகளில் பல சந்திப்புகளில் சிக்னல் விளக்கை நீக்கி, வண்டிகள் யூ-திருப்பம் எடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வண்டிகள் காத்திருப்பது குறைந்தது உண்மையே. ஆனால் சிவப்பு விளக்கு என்பது நடப்பவர்க்குக் கிடைத்த பச்சை விளக்கு அன்றோ! அதை எடுத்த இடத்தில், அவர் கடக்க வேறொரு வழி தந்தாக வேண்டும்.

மேம்பாலங்களும் அப்படியே. நம் திருச்சி சாலையில் 2022இலும், அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு 2025 அக்டோபரிலும் மேம்பாலங்கள் திறக்கப்பட்டன. தொலைவு செல்வோர்க்கு அவை பெரும் உதவி. பாலத்தின் மேல் நடப்பவர் இல்லை. அவர் இருப்பது கீழே. கீழ்ச்சாலையைச் செப்பனிட்டால்தான் அந்தப் பணி நிறைவு பெறும்.

கோவை மருத்துவர் தொடுத்த வழக்கு

இவையெல்லாம் கருணையாகக் கேட்பவை அல்ல; நம் உரிமை. இதை நாட்டுக்கு உணர்த்தியதில் நம் கோவைக்குப் பங்குண்டு என்பது பெருமைக்குரியது. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். முறிந்த எலும்பைச் சேர்ப்பவர், முறியாமல் காக்கவும் வழி தேடினார். அவ்வழக்கில் 2014இல் நீதிபதி கே.எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30இல் வந்த தீர்ப்பு, மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கவும், பள்ளிப் பாடத்தில் சாலைப் பாதுகாப்பைச் சேர்க்கவும் ஆணையிட்டது. அதே வழக்கில் 2025 மே மாதம், நல்ல நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையுள் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது.

முடியுமா என்று ஐயுறுவோர்க்கு

நெதர்லாந்து மிதிவண்டிகளின் நாடு என்று படித்திருப்பீர்கள். அங்கும் ஒரு காலத்தில் கார்களே ஆண்டன. 1971ஆம் ஆண்டில் மட்டும் 3,000க்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோரும் பிள்ளைகளும் வீதிக்கு வந்து, குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்துங்கள் என்று கேட்டனர். அதன்பின் சாலைகள் மாறின.

வெகுதொலைவு போக வேண்டாம். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைவெளி திறக்கப்பட்டது. நம் கோவையிலேயே ரேஸ்கோர்சிலும், ஆர்.எஸ்.புரம் திவான் பகதூர் சாலையிலும் நல்ல நடைபாதைகள் அமைந்தன. அங்கு பலர் உடல்நலத்துக்காக நடக்கிறார்கள். சிங்காநல்லூரில் பிழைப்புக்காக நடக்கிறார்கள். இவர்களுக்கு அது இன்னும் முதன்மையாக வேண்டாமா?

மிதிவண்டி பெண்களுக்கு வெறும் வண்டி அன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி பழகியது வரலாறு. இன்று அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே மிதிவண்டி வழங்குகிறது. சாலைக்குப் பயந்து அது வீட்டுத் திண்ணையில் நின்றுவிட்டால், அந்தப் பெண்ணின் விடுதலையும் அங்கேயே நின்றுவிடும்.

நாம் செய்யக்கூடியவை

திரும்பும் லாரி, பேருந்தின் இடப்பக்கம் ஒருபோதும் மிதிவண்டியை நுழைக்காதீர்கள்; அங்கிருப்பவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டார். நின்ற பேருந்தின் முன்புறமாகக் கடக்காதீர்கள். இரவில் வெளிர்நிற உடையும் பின்விளக்கும் தேவை.

பெற்றோரே, பிள்ளையை இறக்கிவிட வாயிலை அடைத்து வண்டியை நிறுத்தும்போது, நடந்து வரும் மற்றொரு பிள்ளையை நடுச்சாலைக்குத் தள்ளுகிறோம். நூறடி முன்னரே இறக்கிவிட்டால் இத்துன்பம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கெடுங்கள். ஒரு மணி நேரம் பாதுகாப்பான ஓரிடத்தில், ஆசிரியையுடன் நின்று, எத்தனை பேர் எந்த இடத்தில் கடக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று குறியுங்கள். வரைபடத்துடன் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியருக்கும் மனுவாகக் கொடுங்கள். முறையீட்டுக்கு எண்கள் வலிமை தரும்.

முடிவுரை

கைபிடித்துக் கடக்க உதவுவது அன்பு. கைபிடிக்க ஆளில்லாத நாளிலும் அந்த மூதாட்டி அஞ்சாமல் கடக்கும்படி சாலையை அமைப்பது நீதி. நமக்கு இரண்டும் வேண்டும். இன்று வகுப்பில் இருப்போருள் நாளைய பொறியாளரும், மாமன்ற உறுப்பினரும், ஆட்சியரும் உண்டு. அப்பதவியில் அமரும் நாளில், கீரைக்கட்டுடன் நின்ற அந்தப் பாட்டியை மறவாதிருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் எத்தனை மீட்டர் ஓடும்?
2. உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள வழியை வரைந்து, நீங்கள் அஞ்சும் இடங்களைக் குறிக்க.
3. அவ்விடங்களுள் ஒன்றைச் சீர்செய்யுமாறு மாநகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதுக.